கொலுசு எடை வித்தியாசத்தைக் கூட்டினால் பூஜ்யம், ஆனால் பாதி ஜோடி தேறவில்லை. மட்டு மதிப்பு இங்கே எப்படி?

பனங்காடு_பட்டறை:
வணக்கம். சேலத்துக் கொலுசுப் பட்டறைக் கணக்கு இது. ஜோடி 50 கிராம் ஆர்டர். கூடக் குறைய 0.3 கிராம் வரைக்கும் எடுத்துக்கொள்வார்கள். ஆறு ஜோடியின் எடை: 50.3, 49.6, 50.5, 49.8, 50.2, 49.6. ஒவ்வொன்றிலும் 50-ஐக் கழித்தால் +0.3, −0.4, +0.5, −0.2, +0.2, −0.4. எல்லாவற்றையும் கூட்டினால் சுத்தமாகப் பூஜ்யம். தாளைப் பார்த்தால் தப்பே இல்லை, தராசில் வைத்தால் மூன்று ஜோடி தள்ளுபடி. ஒன்பதாவது படிக்கிற பெண் "மட்டு மதிப்பு போடுங்கப்பா, மைனஸை எடுத்துட்டுக் கூட்டுங்க" என்கிறாள். மைனஸை எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடாதா? எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது?

செவ்வாய்ப்பேட்டை_தராசு:
உங்கள் பூஜ்யம் பொய் இல்லை அண்ணா. அது வேறு கேள்விக்கான பதில். ஆறு ஜோடிக்கு 300 கிராம் போக வேண்டும், 300 கிராம்தான் போயிருக்கிறது. வெள்ளி எங்கும் ஒழுகவில்லை. வெள்ளிக் கணக்குக்கு மைனஸோடு கூட்டுவதுதான் சரி.

ஜோடி தேறுமா என்பது தனிக் கேள்வி. ஒரு ஜோடியில் 0.5 கூடியிருப்பதை இன்னொரு ஜோடியில் 0.4 குறைந்திருப்பது ஈடுகட்டாது, இரண்டும் ஒரே காலுக்குப் போகப் போவதில்லையே. இங்கே |எடை − 50| போடுங்கள், இரண்டு பக்கமும் நிற்கும் கோடுதான் மட்டு மதிப்பின் குறி: 0.3, 0.4, 0.5, 0.2, 0.2, 0.4. கூட்டினால் 2.0, ஆறால் வகுத்தால் ஜோடிக்குச் சராசரி 0.33 கிராம் பிசகு. உங்கள் வரம்பையே தாண்டிவிட்டது பாருங்கள்.

விதியை எழுதினால் |எடை − 50| ≤ 0.3. பிரித்தால் 49.7 முதல் 50.3 வரை. 50.3 விளிம்பில் நிற்கிறது, தேறும். 49.6 இரண்டும் 50.5-உம் வெளியே.

இன்னொன்றும் பாருங்கள். ஜோடி 50.0 என்று இருந்தாலே போதாது. ஒற்றை ஒற்றையாக நிறுத்தால் 24.2-உம் 25.8-உம் இருக்கலாம். கொலுசில் இடது வலது கிடையாது, எதிலிருந்து எதைக் கழித்தாலும் வித்தியாசம் 1.6 தான். குறி அர்த்தமே இல்லாத இடம் இது, மட்டு மதிப்புக்கென்றே அமைந்த மாதிரி. கொக்கியும் சலங்கையும் மாட்டி, மெருகு போட்ட பிறகு நிறுங்கள். மெருகில் எடை கொஞ்சம் இறங்கும்.

எண்கோடு:
பெண் சொன்னது பாதி சரி. "மைனஸை எடு" என்று மனப்பாடம் செய்தால் |7 − 12|-ஐ 7 + 12 = 19 என்று எழுதிவிடுவார்கள். விடைத்தாளில் அதிகம் பார்க்கிற தப்பு இதுதான். முதலில் கோடுகளுக்கு உள்ளே கழித்து முடிக்க வேண்டும், −5. பிறகுதான் மட்டு மதிப்பு, 5. கூட்டலிலும் இதே கதை: |−0.4 + 0.5| என்பது 0.1, |−0.4| + |0.5| என்பது 0.9. குறியோடு கூட்டி நீங்கள் கண்ட பூஜ்யத்துக்கும், மட்டு மதிப்பைக் கூட்டி வந்த 2.0-க்கும் உள்ள வித்தியாசமே இதில் இருக்கிறது.

மட்டு மதிப்பை எண்கோட்டில் தூரம் என்று சொல்லிக்கொடுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. 7-ஆவதிலிருந்து 15-க்கு ஏறினாலும் 15-லிருந்து 7-க்கு இறங்கினாலும் எட்டு வளைவு இடைவெளி. 7 − 15 போட்டு −8 வளைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 7, 15 இரண்டையும் சேர்த்துப் பலகைகளை எண்ணினால் 9 வரும். மட்டு மதிப்பு இடைவெளியைத்தான் தரும், எண்ணிக்கைக்கு ஒன்று கூட்ட வேண்டும். வளைவுகளுக்கு நடுவே தூரம் ஒரே அளவு இல்லை என்பதால் இந்த 8-ஐ வைத்துக் கிலோமீட்டர் கணக்கும் போடக்கூடாது.

அதே மலையில் இன்னொரு உதாரணம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். போய் வந்தால் +1,200, −1,200, நிகரம் பூஜ்யம். பிரேக் கட்டையைக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

அட்டவணை_ஆள்:
எக்செல்லில் போடுவதானால் ஏபிஎஸ் என்ற ஃபங்ஷன். மூன்று பத்தி வையுங்கள்: எடை, குறியோடு வித்தியாசம், மட்டு மதிப்பு. நடுப் பத்தியை அழிக்காதீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. வரம்பை 0.2 ஆக இறுக்கினால் 50.2-உம் 49.8-உம் தேற வேண்டும், ஆனால் எக்செல் "தேறாது" என்று காட்டும். கம்ப்யூட்டர் தசமத்தை இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறையில்) வைப்பதால் 50.2 − 50 என்பது அதற்கு 0.200000000000003. கழித்ததை ரவுண்ட் ஃபங்ஷனில் போட்டு இரண்டு தசமத்துக்குச் சுருக்கி, அப்புறம் வரம்போடு ஒப்பிடுங்கள். 0.3-க்கு இந்தத் தொல்லை வராது, அதனால்தான் பலருக்கு இது தெரிவதே இல்லை.

பனங்காடு_பட்டறை:
புரிந்தது, ரொம்ப நன்றி. நடுப் பத்தி எதற்கு? மட்டு மதிப்பு வந்த பிறகு அது வீண்தானே?

செவ்வாய்ப்பேட்டை_தராசு:
வீண் இல்லை. நாளைக்கு +0.3, +0.4, +0.2, +0.5 என்று வந்தால் மட்டு மதிப்புச் சராசரி 0.35. இன்றைக்கு வந்த 0.33-க்குப் பக்கம்தான். ஆனால் நோய் வேறு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் கையில் கோளாறு இருக்காது. தராசு காலியாக இருக்கும்போதே 0.35 காட்டுகிறதா, தட்டில் தூசி இருக்கிறதா, மின்விசிறிக் காற்று படுகிறதா, கம்பி இழுத்தது தடிப்பாகிவிட்டதா என்று பாருங்கள். உங்கள் ஆறு ஜோடியில் குறி மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். தராசை விட்டுவிடலாம். வளையம் எண்ணிப் போடுவதிலும் பற்றவைப்பிலும்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

வெள்ளி கொடுக்கல் வாங்கல் நோட்டில் மட்டும் மட்டு மதிப்பைக் கொண்டுவராதீர்கள். 12 கிராம் பாக்கி என்று எழுதிவிட்டு யார் யாருக்குத் தர வேண்டும் என்று எழுதாவிட்டால், ஆடி மாதக் கணக்கு முடிக்கும்போது சண்டைதான்.