உதவி: எந்த டேட்டாபேஸ் சான்றிதழ்? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

புதுவரிசை
நண்பர்களே, வேலை மாற வேண்டும். அதற்கு ஒரு டேட்டாபேஸ் சான்றிதழ் எடுக்கலாம் என்றிருக்கிறேன். எதற்கு மதிப்பு அதிகம்? அனுபவம் உண்டு. பயிற்சி மையத்தில் நாளைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள். அவசரம்.

கோப்புக்காரன்
என்ன அனுபவம், எத்தனை வருஷம்? டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஆகப் போகிறீர்களா, டெவலப்பரா, டேட்டா இன்ஜினியரா? மையத்தில் என்ன பாடம்? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

பழைய டிபிஏ
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஆரக்கிள் 19சி டேட்டாபேஸுக்கான 082, 083 தேர்வுகள் இரண்டையும் எழுதி ஓசிபி என்ற நிர்வாகிச் சான்றிதழ் வாங்குங்கள். ஆர்மேன் என்ற பேக்கப் கருவியை வைத்து ஒரு டேட்டாபேஸை மீட்கத் தெரியாதவரை நான் டிபிஏ என்று ஒப்புக்கொள்வதில்லை.

யானைப்பிரியன்
சான்றிதழே வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸை நிறுவி, வரிசை எண்களை உருவாக்கும் ஜெனரேட் சீரிஸ் வைத்து ஒரு கோடி வரி நிரப்புங்கள். தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் போடுவதற்கு முன்னும் பின்னும், க்வெரி எப்படி ஓடுகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு டேபிளை டிராப் செய்து, பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். இதை நேர்காணலில் கோர்வையாகச் சொன்னால் போதும்.

மேகமூட்டம்
சொல்வதற்கு முதலில் நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டுமே! க்ளவுட் பக்கம் வாருங்கள், மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் நிர்வாகத் தேர்வான டிபி-300 எழுதுங்கள். ஒரு வருஷம்தான் செல்லும். ஆனால் காலாவதி ஆவதற்குள் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அமேசான் க்ளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் ஸ்பெஷாலிட்டி தேர்வை 2024 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள், பழைய வீடியோவைப் பார்த்து அதற்குப் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

புதுவரிசை
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அப்ளிகேஷன் சப்போர்ட்டில் 3 வருஷம். டிக்கெட் வந்தால் டேட்டா சரிபார்ப்பேன். டேட்டாவை எடுக்கும் செலக்ட், டேபிள்களை இணைக்கும் ஜாயின் எழுதுவேன். பேக்கப் எல்லாம் தொட்டதில்லை, புரொடக்‌ஷனில் ரீட் அனுமதி மட்டும்தான்.

செமிகோலன்
அப்படியானால் ஓசிபியும் வேண்டாம், டிபி-300-உம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டுமே நிர்வாகம் செய்தவர்களுக்கானவை. ஆரக்கிளில் 071 பாருங்கள். ஒரே தேர்வு, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்தான் முழுக்க.

நானும் சப்போர்ட்டிலிருந்துதான் வந்தேன். அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் படித்தபோதுதான், நாட் இன் ("இந்தப் பட்டியலில் இல்லாதவை") போட்ட சப்க்வெரியில் (க்வெரிக்குள் வைக்கும் க்வெரி) ஒரே ஒரு நல் (மதிப்பு தெரியாத இடம்) வந்தாலும் ஒரு வரிகூடத் திரும்பாது என்பது உறைத்தது. மூன்று வருஷமாக அப்படி எழுதிக்கொண்டிருந்தேன்! நேர்காணலில் அதையே கேட்டார்கள். ஆரக்கிளில் எம்ப்டி ஸ்ட்ரிங்கும் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) நல்தான் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான்.

யானைப்பிரியன்
அதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்களா? "தெரியாது" என்பதும் "ஒன்றுமில்லை என்று தெரியும்" என்பதும் ஒன்றா? ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றும் வேலையில் இந்த ஒரு விஷயத்துக்காக இரண்டு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

பழைய டிபிஏ
தம்பி, ஆரக்கிள் 1979-இல் விற்பனைக்கு வந்தது. எஸ்க்யூஎல்லுக்குத் தரநிலை வந்தது 1986-இல். வரலாறு தெரியாமல் பேசக் கூடாது.

யானைப்பிரியன்
86-க்கு அப்புறம் திருத்த நேரமே கிடைக்கவில்லையா அண்ணா? ஆரக்கிளின் ஆவணத்திலேயே, இது பிற்பாடு மாறலாம், இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதாதீர்கள் என்றுதான் இருக்கிறது.

பழைய டிபிஏ
எழுதி எத்தனை வருஷம் ஆகிறது, மாற்றினார்களா? மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் பாதி புரோகிராம் படுத்துவிடும். அந்தப் பொறுப்பு யானைக்குப் புரியாது.

கோப்புக்காரன்
உங்கள் நல் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். புதுவரிசை, மையத்தில் என்ன பாடம் என்று முதலிலேயே கேட்டேன். தேர்வு எண் என்ன?

புதுவரிசை
எம்சிஎஸ்ஏ எஸ்க்யூஎல் சர்வர், மைக்ரோசாஃப்ட் சான்றிதழ். துண்டறிக்கையில் 70-764 என்று போட்டிருக்கிறது.

மேகமூட்டம்
ஐயோ, கட்டிவிடாதீர்கள்! அந்தத் தேர்வு 2021 ஜனவரி 31-ஓடு நிறுத்தப்பட்டது. முழுசாகப் படித்து முடித்தாலும் எழுத இடமில்லை.

கோப்புக்காரன்
பாடம் வீண் என்று சொல்ல மாட்டேன், இண்டெக்ஸும் பேக்கப்பும் அன்றைக்குப் படித்ததுதான் இன்றைக்கும். ஆனால் கடைசியில் கையில் கிடைக்கப் போவது மையமே அச்சடித்த காகிதம். எந்தத் தேர்வானாலும், பணம் கட்டுவதற்கு முன் அதன் எண்ணை நடத்தும் நிறுவனத்தின் தளத்தில் ஒரு தடவை தேடிவிடுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பழைய டிபிஏ
எண்ணை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

செமிகோலன்
071-க்குப் பழக ஆரக்கிளின் இலவசப் பதிப்பே தாராளம். 12 ஜிபி டேட்டா வரை வைத்துக்கொள்ளலாம், நினைவகம் 2 ஜிபி. டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) விற்பவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள். அதைவிட, நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும்.

புதுவரிசை (4 நாட்களுக்குப் பிறகு)
பணம் கட்டவில்லை. கேட்டதற்கு "சிலபஸ் எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார்கள். 071-க்குப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், எல்லோருக்கும் நன்றி. இலவசப் பதிப்பை நிறுவினேன், கனெக்ட் ஆகவில்லை. ஓஆர்ஏ-12541 என்று வருகிறது. என்ன செய்வது? அவசரம்.

கோப்புக்காரன்
லிசனர் (இணைப்புகளை ஏற்கும் நிரல்) ஓடவில்லை. விண்டோஸா, லினக்ஸா? எந்தப் பதிப்பு?