புதுப்பிப்பு: பெயிண்ட் ரிமூவர் தடவியபின் தலைவலி, ஆக்ஸிமீட்டரில் 98 – காரணம் தெரிந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, வியாசர்பாடி வீட்டில் மழைக்காக ஜன்னலை மூடிக்கொண்டு, பழைய மர பீரோவுக்கு ரிமூவர் தடவிச் சுரண்டிய தம்பிக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று. ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம், சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டியதால் அம்மா 'பித்தம்தான்' என்று முடித்துவிட்டார். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

உதவியது, 'டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்க' என்ற யோசனை. லேபிளில் மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பானின் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் அளவைப் பார்க்கச் சொன்னார். இந்தக் கரைப்பான் கல்லீரலில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அது ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிமீட்டர் ஆக்சிஜன் கணக்கில் சேர்த்துவிடும். அந்த 98 வந்தது அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு அளவு கூடுதலாகவே இருந்தது. உடனே மாஸ்க்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

நான் எதிர்பார்க்காதது: அறையை விட்டு வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் அந்த அளவு ஏறலாமாம். கரைப்பான் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவதுதான் காரணம். அதனால் ஒரு ராத்திரி அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அப்புறம், தம்பி என்-95 மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்தான். அது தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது.

இப்போது நன்றாக இருக்கிறான். பீரோதான் அரைகுறைக் கோலத்தில் மொட்டைமாடியில் நிற்கிறது.