1885-ஓ மார்கன் டாலர்: 100 கேட்கிறார், 50 சொன்னேன், உடனே மறுப்பு. எங்கே தப்பு?

புதுக்காசு

வணக்கம். விற்பனைத் தளம் ஒன்றில் 1885-ஓ மார்கன் வெள்ளி டாலர் (பழைய அமெரிக்கக் காசு, 'ஓ' என்பது நியூ ஆர்லியன்ஸ் அச்சகக் குறி) ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். தரச்சான்று உறை (தர நிறுவனம் சோதித்து, தர எண் போட்டு மூடிய பெட்டி) கிடையாது, வெறும் காசு. 'புழக்கத்துக்குப் போகாதது' என்று எழுதியிருக்கிறார்கள். படம் இரண்டே இரண்டு. இரண்டும் கொஞ்சம் சாய்வாக, பிளாஸ்டிக் உறையோடு எடுத்தவை.

ஒவ்வொருவர் பணமும் வேறு என்பதால் கேட்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்களும் அதே கணக்குதான். தபால் தனியாக 8.

பேரம் என்றால் பாதியில் தொடங்க வேண்டும் என்று நினைத்து 50க்கு ஆஃபர் அனுப்பினேன். மறுத்துவிட்டார், பதில் விலையும் சொல்லவில்லை. இதே காசை மற்றவர்கள் 95 முதல் 130 வரை போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 100 நியாயமான விலையா? மறுபடியும் கேட்கலாமா, கேட்டால் எவ்வளவு சொல்வது?

எடைத்தட்டு

மறுப்பு எவ்வளவு நேரத்தில் வந்தது? ஓரிரு நொடியில் வந்திருந்தால் அதை விற்பவர் பார்த்திருக்கவே மாட்டார். இந்தத் தொகைக்குக் கீழே வந்தால் தானாக மறுத்துவிடு என்று லிஸ்டிங் போடும்போதே வரம்பு வைக்கும் வசதி பெரிய தளங்களில் உண்டு. உங்கள் 50 அந்த வரம்பில் முட்டித் திரும்பியிருக்கிறது. ஆளைக் கோபப்படுத்திவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒரே பொருளுக்கு இத்தனை ஆஃபர்தான் என்று கணக்கும் இருக்கும். ஒன்று போய்விட்டது, மீதியை யோசித்துச் செலவழியுங்கள்.

50 ஏன் வரம்பைத் தாண்டவில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. 26.73 × 0.9 = 24.06 கிராம் சுத்த வெள்ளி. இதை இன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்குங்கள். வருவதுதான் உருக்கு விலை. அதற்குக் கீழே கேட்டால், இதை உருக்குபவரிடமே கொடுத்துவிடலாமே என்றுதான் எவரும் நினைப்பார். எந்த வெள்ளிக் காசுக்கும் பேரத்தின் தரைமட்டம் இதுதான். பெருக்கிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

அடுத்து, 95 முதல் 130 என்பது கேட்கும் விலை. விற்காமல் நிற்கும் காசுகளின் விலை அது. நீங்கள் பார்க்க வேண்டியது விற்று முடிந்தவற்றை. தேடலில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போடுங்கள், சுமார் 3 மாதக் கணக்கு கிடைக்கும். அதில் நான்கு இடங்களில் தடுக்கி விழுவார்கள்.

ஒன்று, ஆஃபர் ஏற்று விற்ற காசுக்கு, அடித்துவிட்ட பழைய விலைதான் தெரியும். உண்மையில் கைமாறிய தொகை தெரியாது. அதை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு, சான்று உறையில் உள்ள காசையும் வெறும் காசையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். மூன்று, தபால் செலவைக் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். நான்கு, ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில் சில இடங்களில் சுத்தியல் விலை (ஏலம் முடிந்த தொகை) மட்டும் இருக்கும், சில இடங்களில் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும். எது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

விலைப் புத்தகங்களும் இணைய விலைப்பட்டியல்களும் பெரும்பாலும் கடைக்காரர் விற்கும் விலையைச் சொல்பவை. ஏலத்தில் போகும் விலை அதற்குக் கீழேதான் இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

பழங்காசு

எடைத்தட்டு சொன்னது சரி. ஆனா காசைப் பார்க்காம விலை பேசவே கூடாது. இப்ப இருக்கிற ரெண்டு படத்தை வெச்சு 'புழங்காதது'ன்னு ஒத்துக்கிட்டா, பேரத்துல பாதியை அங்கேயே விட்டுட்டீங்க.

விற்கிறவர்கிட்ட இதைக் கேளுங்க: காசை உறையிலிருந்து எடுத்து, நேர் மேலிருந்து ரெண்டு பக்கமும் படம். விளிம்பு ஒரு படம். 0.01 கிராம் வரை காட்டுற தராசுல வெச்சு ஒரு படம். ஒரே விளக்குக்குக் கீழே மெதுவா சாய்ச்சுத் திருப்பி 10 நொடி வீடியோ. இந்த வீடியோதான் ரொம்ப முக்கியம். தேயாத, தேய்க்காத வெள்ளிக் காசுல ஒளி, சக்கரத்தோட ஆரம் மாதிரி பட்டையா எழும்பிச் சுத்தி வரும். துடைச்ச காசு பளபளன்னு இருக்கும், ஆனா அந்தப் பட்டை சுத்தாது. கூடவே, ஒரே திசையில ஓடுற மெல்லிய கீறல்கள் வெற்றுப் பரப்புலயும் முன்பக்கத்துல இருக்கிற பெண்ணோட கன்னத்துலயும் தெரியும். பரப்பு வெள்ளையா, எழுத்து இடுக்குல மட்டும் கருப்பு அடைச்சிருந்தாலும் சந்தேகப்படுங்க. துடைச்ச காசுக்கு நல்ல காசோட விலையைக் கொடுக்காதீங்க. பிறகு விற்கப் போனா பாதிக்குக்கூட தடுமாறும்.

அடுத்தது தேய்மானம். முன்பக்கம் காதுக்கு மேல இருக்கிற முடி, புருவத்துக்கு மேல இருக்கிற முடி. பின்பக்கம் கழுகோட மார்பு. இந்த இடங்களைப் பாருங்க. இங்கதான் 'ஓ' காசுல ஒரு சிக்கல். நியூ ஆர்லியன்ஸ் அச்சகத்துக் காசுகள் பலதும் அழுத்தம் குறைவா அடிச்சவை, அதனால காதுக்கு மேல முடி பிறந்தப்பவே மழுங்கலா இருக்கும். அது தேய்மானம் இல்லை. பிரிச்சுப் பார்க்க வழி ஒளியும் நிறமும்தான்: அடி குறைஞ்ச இடத்துல ஒளி தொடர்ந்து போகும். தேஞ்ச இடத்துல ஒளி செத்து, சாம்பல் நிறமா தட்டையா இருக்கும்.

தேஞ்சதுன்னா அது ஏயூ (கிட்டத்தட்ட புழங்காதது) 58 அல்லது அதுக்குக் கீழே. தேயலைன்னா எம்எஸ் (புழங்காதது) 60 அல்லது அதுக்கு மேல. எல்லாம் காசோட தரத்துக்கு 1 முதல் 70 வரை எண் போடுற ஷெல்டன் அளவுகோல்தான். 1885-ஓ மாதிரி காசுல இந்த ஒரு படி பெரிய வித்தியாசம் தராது, ஏன்னா 91 லட்சத்துக்கு மேல அடிச்சாங்க, கருவூல மூட்டையில புழங்காமலே கிடந்து வெளிய வந்ததும் ஏராளம். இதே 1884-எஸ் (சான் பிரான்சிஸ்கோ அச்சகம்) பாருங்க. 32 லட்சம் அடிச்சது, தேஞ்ச காசு சுலபமா கிடைக்கும், தேயாதது மகா அபூர்வம். அங்க ஏயூவுக்கும் எம்எஸ்ஸுக்கும் நடுவுல விலை பல மடங்கு தாவும். அந்த மாதிரி காசை உறை இல்லாம, படத்தை நம்பி வாங்கவே வேண்டாம்.

உங்க காசு நிறைய கிடைக்கிற காசு. இது போனா அடுத்த வாரம் இன்னொண்ணு வரும். பேரத்துல உங்க பலமே அதுதான்.

புதுக்காசு

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். மறுப்பு ஒரு நொடியில்தான் வந்தது. உருக்கு விலை 54 வருகிறது. நான் 50 கேட்டது எவ்வளவு தப்பு என்று இப்போது புரிகிறது.

படங்களும் வீடியோவும் அனுப்பினார். எடை 26.70. ஒளிப் பட்டை சுற்றி வருகிறது. காதுக்கு மேல் மழுங்கல், ஆனால் அங்கேயும் ஒளி இருக்கிறது. கன்னத்தில் மூட்டையில் மற்ற காசுகள் உரசிய தடங்கள் நாலைந்து, ஒன்று பெரியது. மெல்லிய இணைக்கீறல்கள் கண்ணில் படவில்லை.

விற்றவற்றில் 7 கிடைத்தன: 97 (சான்று உறை, எம்எஸ் 63), 90 (ஆஃபர் ஏற்றது), 84 தபால் இலவசம், 76 + தபால் 6, 79 + தபால் 8, 77 + தபால் 6, 72 + தபால் 6 (துடைத்தது போல இருக்கிறது). சராசரி எடுக்கட்டுமா?

எடைத்தட்டு

சராசரி வேண்டாம், ஒரு விபரீத எண் அதை இழுத்துவிடும். நடு எண்ணை எடுங்கள்.

97 உறையில் இருந்தது, 90 உண்மை விலை இல்லை, 72 துடைத்த காசு. மூன்றையும் விடுங்கள். மீதி நான்கும் தபாலோடு சேர்த்து: 82, 83, 84, 87. நடுவில் வருவது 83.5. உங்கள் உச்சவரம்பு தபாலோடு 84 என்று இப்போதே எழுதி வையுங்கள். தபால் 8 போனால் காசுக்கு 76. பேச்சின் சூட்டில் இதை மாற்றாதீர்கள். விற்பவர் வேறு நாட்டில் இருந்தால் சுங்கமும் வரியும் இந்த 84க்குள்ளேயே அடங்க வேண்டும். அந்தத் தொகையைத் தளம் பணம் கட்டும்போதே வாங்குகிறதா, தபால்காரர் வாசலில் கேட்பாரா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இன்னொன்று: அந்த நான்கும் விற்ற நாட்களில் வெள்ளி விலை என்ன? இன்றைக்கு நன்றாக ஏறியிருந்தால் 84 என்பதே பழைய கணக்காகிவிடும். அப்படி ஏறும் காலத்தில், விலை மாற்றாத பழைய லிஸ்டிங் உருக்கு விலையை ஒட்டி நின்றால் பேரமே பேசாமல் வாங்குவது நல்லது.

தொடக்கம் 70. காரணத்தோடு அனுப்புங்கள், காரணமில்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. இப்படி:

"வணக்கம். படங்களுக்கும் வீடியோவுக்கும் நன்றி. ஒளி நன்றாக இருக்கிறது. காதுக்கு மேல் அச்சு மழுங்கல், கன்னத்தில் ஒரு பெரிய தடம், ஆகவே எம்எஸ் 61–62 என்று எடுத்துக்கொள்கிறேன். இதே தரத்தில் உறையில்லாத காசுகள் அண்மையில் தபாலோடு 82 முதல் 87 வரை விற்றுள்ளன. 70 + தபால் 8 தருகிறேன். ஏற்றால் இன்றே பணம் கட்டிவிடுகிறேன்."

காசை மட்டம் தட்டாதீர்கள். குறையைச் சொல்லுங்கள், நல்லதையும் சொல்லுங்கள். அவருக்குத் தளத்தின் கட்டணம் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. 100க்கு விற்றாலும் 100 அவர் கைக்கு வராது. அவர் ஏன் இறங்கத் தயங்குகிறார் என்பதற்கு அதுவும் காரணம்.

அவர் பதில் விலை சொன்னால் அடுத்த படி 74, கடைசி 76. படிகள் சுருங்கிக்கொண்டே போக வேண்டும். 4, பிறகு 2. சமமான படிகளாக ஏறினால் இன்னும் ஏறுவார் என்று காத்திருப்பார். கவனம்: ஏற்கப்பட்ட ஆஃபர் வாங்குவதாகக் கொடுத்த வாக்கு. ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் ஆஃபர் போட்டுவிட்டு இரண்டை ரத்து செய்வது சரியில்லை, உங்கள் கணக்குக்கும் கெட்ட பெயர்.

பழங்காசு

அவர்கிட்ட நீங்க தேடுற வேற காசு இருந்தா சேர்த்துக் கேளுங்க. ரெண்டு காசுக்குத் தபால் ஒண்ணுதான், அந்த 8 மிச்சமாகும். விலையை இறக்க மனசில்லாதவர்கூட தபாலை விட்டுக்கொடுப்பார். ஆனா தேவையில்லாததைச் சேர்த்து வாங்காதீங்க.

புதுக்காசு

70க்கு அவர் 88 சொன்னார். 74 அனுப்பினேன். இப்போது இரண்டு வழி சொல்கிறார்: தளத்திலேயே வாங்கினால் தபாலோடு 84, இதுதான் கடைசி. தளத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பினால் தபாலோடு 76. எட்டு குறைகிறதே, இரண்டாவதை எடுக்கலாமா?

எடைத்தட்டு

வேண்டாம். அந்த 8 அவருடைய கட்டண மிச்சத்திலிருந்து வருகிறது, அதற்குப் பதிலாக முழு ஆபத்தும் உங்களிடம் வருகிறது. காசு வரவில்லை, வேறு காசு வந்தது, போலி என்று தெரிந்தது, எதற்கும் தளம் தலையிடாது. 'நண்பருக்கு அனுப்புகிறேன்' என்ற வகையில் பணம் போனால் பேபாலில்கூட வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். மார்கன் டாலரில் போலிகள் ஏராளம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

84 உங்கள் உச்சவரம்பு. தளத்திலேயே எடுத்துவிடுங்கள். பணம் கட்டும் முன் திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். பின்தொடர் எண்ணோடு, காப்பீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

உருப்பெருக்கி

வந்தவுடன் செய்ய வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன். பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்தே வெட்டாமல் வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டு தெரிய வேண்டும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கன்னத்துப் பெரிய தடம் அவர் அனுப்பிய படத்தில் இருந்த அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே காசுதான் வந்தது என்பதற்கு அதுதான் கைரேகை.

எடை 26.73க்கு 0.1 கிராமுக்குள் இருக்க வேண்டும், விட்டம் 38.1 மி.மீ. காந்தம் ஒட்டக் கூடாது. பின்பக்கம் மாலைக்குக் கீழே 'ஓ' எழுத்தைச் சுற்றி ஒட்டுக் கோடு, நிற மாற்றம் இருக்கிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

எடையும் அளவும் சரியாக வரும் போலிகள் உண்டு, அதனால் அடர்த்தியும் பாருங்கள். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் 2.6 கிராமை ஒட்டி வர வேண்டும். 26.73-ஐ அதால் வகுத்தால் 10.3 கிடைக்கும், 90 சதவீத வெள்ளியின் அடர்த்தி அது. 3 கிராம் காட்டினால் அடர்த்தி 8.9, செம்புக் கலவை. அன்றைக்கே திருப்பி அனுப்ப விண்ணப்பியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரே போதும். எடுத்த பிறகு பஞ்சால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம்.

அவர் அனுப்பும் மென்மையான பிளாஸ்டிக் உறை பிவிசியாக இருக்கலாம். நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு படியும். சோதனை முடிந்ததும் பிவிசி இல்லாத உறைக்கு மாற்றிவிடுங்கள்.