பதுவைக்குப் போகிறேன், வழி கேட்க இத்தாலிய வார்த்தைகள் சொல்லுங்கள்

கூடல்நகர் கண்டக்டர்:
அரசு பஸ்ஸில் 29 வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன். மகள் இத்தாலியில், நம் அந்தோணியாரின் பதுவையில் படிக்கிறாள். அடுத்த மாதம் போய் மூன்று வாரம் தங்குகிறேன். பகலில் அவளுக்கு வகுப்பு. நான் அறையில் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை. "தோவே லா ஸ்தாட்சியோனே?", ஸ்டேஷன் எங்கே என்று யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்து, நேற்று போனில் மகளிடம் கேட்டேன். அவள் வேண்டுமென்றே இத்தாலியனில் மடமடவென்று பதில் சொன்னாள். ஒன்றும் விளங்கவில்லை. மாட்டுத்தாவணியில் எத்தனை வடநாட்டுக்காரர்களுக்குத் தமிழிலேயே வழி சொல்லி அனுப்பியிருப்பேன்! மேப் பாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், என் போனில் மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்காது.

தெப்பக்குளத்துப் பெண்:
அண்ணே, கேள்வியை விடுங்கள், பதிலைப் படியுங்கள். வழி சொல்கிறவர்கள் வாயில் வருவது பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். ஆ தெஸ்த்ரா வலது பக்கம், ஆ சினிஸ்த்ரா இடது பக்கம், செம்ப்ரே த்ரித்தோ நேராகவே போ. தெஸ்த்ராவும் த்ரித்தோவும் காதில் ஒன்று போலவே விழும். அங்கே இருந்த முதல் மாதம், நேராகப் போகச் சொன்ன இடத்திலெல்லாம் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்தைப் பிடியுங்கள்: 'ரா' என்றால் திரும்பு, 'தோ' என்றால் திரும்பாதே. செமாஃபோரோ சிக்னல், பொன்தே பாலம். 'த'வை 'ட' ஆக்காமல், 'த்தோ'வை நம் 'பத்து' போல அழுத்திச் சொன்னால் போதும்.
அந்தோணியார் கோயிலுக்குப் பெயரே வேண்டாம். 'இல் சாந்தோ', அதாவது புனிதர், என்றாலே கை காட்டுவார்கள். நம்மூரில் வெறுமனே 'கோயில்' என்றால் மீனாட்சி கோயில்தானே, அப்படி.

சிம்மக்கல்லான்:
போர்டு வார்த்தைகளையும் பாருங்கள் ஐயா. உஷீத்தா வெளியே போகும் வழி, பினாரியோ பிளாட்பாரம். வெனிஸ் போனால் வெனேட்சியா என்று பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். வெனேட்சியா மெஸ்த்ரே கரையில் இருக்கிறது. நான் அங்கே இறங்கி ஒரு மணி நேரம் படகுத்துறையைத் தேடினேன். கடைசி ஸ்டேஷன் சாந்தா லூச்சியா, அங்கேதான் இறங்க வேண்டும். மாசி வீதியில் வழி தவறினால் கோபுரத்தைப் பார்த்துத் தேறலாம், வெனிஸ் சந்துகளில் அது நடக்காது. சுவரில் மஞ்சள் போர்டில் 'அல்லா ஃபெர்ரோவியா' என்று இருக்கும், ரயிலுக்குப் போகும் வழி. எனக்கு அதுதான் கை கொடுத்தது.

கூடல்நகர் கண்டக்டர்:
வீட்டில் சொல்லச் சொல்ல மொட்டை மாடியில் நடந்து பார்த்தேன். ஒரு தடவைதான் தண்ணீர்த் தொட்டியில் முட்டினேன். சரி, பஸ்ஸுக்கு என்ன வார்த்தை?

தெப்பக்குளத்துப் பெண்:
ஃபெர்மாத்தா ஸ்டாப், காபோலினேயா கடைசி ஸ்டாப். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் "ஷெந்தே?" என்றால், இறங்கப் போகிறீர்களா என்கிறார். இல்லையென்றால் ஒதுங்கி வழி விடுங்கள். கண்டக்டர் கிடையாது, டிக்கெட்டை நீங்களே மெஷினில் பதிய வேண்டும். மறந்தால் அபராதம்.

கூடல்நகர் கண்டக்டர்:
கண்டக்டர் இல்லாத பஸ்ஸா! அப்புறம் படிக்கட்டில் நிற்பவர்களை "முன்னாடி போ, முன்னாடி போ" என்று யார் விரட்டுவது? அதற்கு என்ன வார்த்தை?

தெப்பக்குளத்துப் பெண்:
அவான்தி. ஆனால் நீங்கள் கத்திவிடாதீர்கள் அண்ணே.