மன்னார் காற்றாலை: ஊரைக் கேட்டது போதுமா?

கரைவலை:
"காற்றாலை வேண்டாமென்றால் மின்சாரமும் வேண்டாமா?" என்று நேற்று மின்பொறி எழுதியிருந்தார். அண்ணன், மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் 2020 முதல் எங்கள் காற்றில்தான் சுற்றுகின்றன. 2025 ஓகஸ்டில் சனம் வீதிக்கு வந்தது இன்னும் வரப்போகிறவற்றுக்கு எதிராக. ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள் என்று ஜனாதிபதியே சொல்லும்வரை ஊரின் பேச்சு யார் காதில் ஏறியது?

கருத்துக் கேட்கிறோம் என்று கூப்பிட்ட ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். சுவரில் ஆங்கில வரைபடம். காற்றாலைகள் நிற்கப்போகும் புள்ளிகளைக் குத்தி முடித்திருந்தார்கள். பின்வரிசைச் சம்மாட்டி (கரைவலைச் சொந்தக்காரர்) ஒருவர் எழும்பி, "என்ர பாடு எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில?" என்று தான் வலை இழுக்கும் கரையைப் பற்றிக் கேட்டார். பிறகு சொல்வார்களாம். வரவுக் கையெழுத்தை மட்டும் மறக்காமல் வாங்கினார்கள்.

மின்பொறி:
தம்பி, கூட்டம் பிழை என்றால் கூட்டத்தைத் திருத்துவோம். 2022இல் பதின்மூன்று மணிநேரம் இருட்டில் இருந்தது மறந்துவிட்டதா? மன்னாருக்கும் பூநகரிக்கும் வரவிருந்த 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தை இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் கைவிட்டாயிற்று. இந்தச் சோளகக் (தென்மேற்குக்) காற்றை வேறு எங்கே போய்ப் பிடிப்பது?

டென்மார்க்கிலிருந்து:
இங்கே சாம்சோ என்றொரு தீவு. 2000இல் 11 காற்றாலைகள் நட்டார்கள், ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட். ஒன்பது விவசாயிகளுடையவை, இரண்டு ஊரார் பங்கு போட்டு வாங்கியவை. 2008இல் சட்டமே வந்தது, 2020 வரை இருந்தது: புதிய காற்றாலையில் 20 வீதப் பங்கை முதலில் 4.5 கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்குத் தர வேண்டும் என்று. தன் காசு சுற்றும்போது சத்தம் அவ்வளவாகக் கேட்காது போலும்!

மின்பொறி:
வலைக்கடனே கட்டி முடியாதவர் எந்தக் காசில் பங்கு வாங்குவார்? நடக்கிற கதையைக் கதைப்போம்.

கரைவலை:
அதில் அண்ணன் சொல்வது சரி. பங்கெல்லாம் பிறகு பார்ப்போம். புள்ளி குத்துவதற்கு முன்னால் பாடுகளையும் வெள்ளவாய்க்கால்களையும் வரைபடத்தில் போடுங்கள், தமிழில்.

மின்பொறி:
அப்படியென்றால் ஒரு வருடம் போகுமே.

கரைவலை:
போகட்டும். ஒரு மாரியாவது வந்து பாருங்கள். எந்த வளவில் தண்ணீர் நிற்கிறது என்று ஓகஸ்ட் வெயிலில் அளந்தால் எப்படித் தெரியும்?