சோலார் பேனலில் எலெக்ட்ரான் ஏன் ஒரே பக்கமாக ஓடுகிறது?

கேள்வி (அரைகுறை_அறிவியல்):
வெயில் சூட்டில்தான் பேனல் மின்சாரம் தருகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன், சூடு ஏறினால் உற்பத்தி குறையும் என்று ஒருவர் சொன்னதும் குழம்பிவிட்டேன். தேடினால், ‘ஒளி பட்டால் எலெக்ட்ரான் விடுபடும்’ என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். விடுபட்டது சரி, அது கண்டபடி அலையாமல் ஏன் ஒரே பக்கமாக ஓட வேண்டும்?

சிலிக்கான்_சில்லு:
விஷயமே அங்கேதான் இருக்கிறது. சிலிக்கானில் பிணைப்பில் மாட்டியிருக்கும் எலெக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 1.1 எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் மிகச் சிறிய அலகு) வேண்டும், அந்த அளவாவது ஆற்றலுள்ள ஃபோட்டான் (ஒளித் துகள்) வந்தால் எலெக்ட்ரான் கிளம்பிவிடும், அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். சும்மா விட்டால் இரண்டும் திரும்பச் சேர்ந்துகொள்ளும், பேனல் சூடாவதுதான் மிச்சம்.

அதனால்தான் ஒரு பக்கம் பாஸ்பரஸ் கலந்த சிலிக்கான் (என்-வகை, எலெக்ட்ரான் மிகுந்தது), மறுபக்கம் போரான் கலந்தது (பி-வகை, துளை மிகுந்தது). இரண்டும் சேரும் இடத்தில், வெயில் படுவதற்கு முன்பே, கொஞ்சம் எலெக்ட்ரான்கள் பி பக்கம் போய்விடுவதால் என் பக்கம் நேர்மின்னாகவும் பி பக்கம் எதிர்மின்னாகவும் ஆகி நிரந்தரமாக ஒரு மின்புலம் நிற்கிறது. புதிதாக விடுபடும் எலெக்ட்ரான் அந்த எல்லைக்கு வந்தால் என் பக்கம் இழுபடும், துளை பி பக்கம் போகும். வெளியே கம்பி இணைத்தால் எலெக்ட்ரானுக்கு அந்தச் சுற்றுவழிதான்.

மாடிவெயில்:
சூட்டைப் பற்றி: 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், முக்கியமாக வோல்டேஜ் இறங்குவதால். பேனல் 65 டிகிரிக்குப் போவது சாதாரணம், அப்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. வெளிச்சமும் முழுதாகப் பயன்படாது: ஆற்றல் குறைந்த அகச்சிவப்பு ஊடுருவிப் போய்விடும், நீல ஒளியில் தேவைக்கு மேல் உள்ளது வெப்பமாகிவிடும். ஒரே சந்தி (என், பி சேரும் எல்லை) கொண்ட செல் வெளிச்சத்தை மின்சாரமாக்குவதற்கு உச்சவரம்பே சுமார் 33 சதவீதம்தான். 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல் 6 சதவீதம் தந்தது, அதையே அன்று பெரிதாகப் பேசினார்கள்.

அரைகுறை_அறிவியல்:
இப்போது புரிகிறது, நன்றி. ஆனால் இப்படியே வருடக்கணக்கில் ஓடினால் எலெக்ட்ரான் தீர்ந்துபோகாதா?

சிலிக்கான்_சில்லு:
தீராது. பல்பு, மோட்டார் எல்லாம் சுற்றிவிட்டு பி பக்கம் திரும்பி வந்து துளையில் விழுந்துவிடும். வெயில் தருவது ஆற்றலை மட்டும்தான், எலெக்ட்ரான் எல்லாம் பழைய சரக்கு.