பிரனேசி படத்தில் வளைவு ஏன் பாதி மண்ணுக்குள்?

ஊர்சுற்றி:
போன மாதம் ரோமில் செப்டிமியஸ் செவெரஸ் வளைவுக்குக் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். வீடு திரும்பி, பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசியின் எச்சிங்கை (செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படம்) பார்த்தால், அதே வளைவு இடுப்பளவு மண்ணில் புதைந்து கிடக்கிறது. பக்கவாசல்கள் எலி வளை மாதிரி. எல்லாம் கற்பனையா?

தகடும் மையும்:
மண் நிஜம்தான். அவர் காலத்தில் (1720–1778) அந்த வளைவு நிற்கும் ரோமன் ஃபோரத்தை, அதாவது பழைய ரோமின் நடுச் சதுக்கத்தை, காம்போ வச்சீனோ என்றே சொன்னார்கள். மாட்டுத் திடல். வண்டலும் இடிபாடும் சேர்ந்து தரை பல மீட்டர் ஏறியிருந்தது. வளைவின் அடியைத் தோண்டி வெளியே எடுத்தது 1803இல்.

அவர் சேட்டை படத்தில் வரையும் ஆட்களிடம். கந்தல் கட்டிக்கொண்டு கைகாட்டி நிற்பவர்களைப் பாருங்கள், எறும்பளவு. ஆளைச் சுருக்கினால் கல் தானாக வளர்ந்துவிடும். 1787இல் ரோமில் இருந்த ஜெர்மன் எழுத்தாளர் கொய்தேவுக்கே, அங்கே இடிந்து கிடக்கும் பழைய காரகல்லா குளியல் மண்டபம் பிரனேசி காட்டிய அளவுக்கு இல்லையே என்று ஏமாற்றம்.

ஊர்சுற்றி:
சரிண்ணா, அந்தக் கறுப்பு? உள்ளே கைவிட்டால் கை காணாமல் போய்விடும் போல இருக்கிறதே.

தகடும் மையும்:
அது அமிலத்தின் வேலை, தம்பி. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறின இடம் மட்டும் அரிக்கும். வானத்துக்குக் கொஞ்ச நேரம் போதும். எடுத்து, அதை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிலம். அப்புறம் தூரத்துக் கட்டடத்தை மூடி, இன்னொரு முறை. கடைசிவரை திறந்து கிடப்பது முன்பக்க நிழல். பள்ளம் ஆழம், மையும் அதிகம் பிடிக்கும்.

நானும் ஆசைப்பட்டு, மூன்றாம் முறை தகட்டை அமிலத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் கோடுகளுக்கு நடுவே இருந்த வரப்பெல்லாம் கரைந்து ஒரே குழி. அகலக் குழியில் மை நிற்காது, துடைக்கும்போதே வந்துவிடும். இருட்டாக வரவேண்டிய மூலை வெளிறிப்போனது.

பழைய காகிதம்:
வாங்கும் எண்ணம் இருந்தால் அடி ஓரத்தைப் பாருங்கள். சில படங்களில் முகவரியோடு ‘இரண்டரை பாவோலி’ (அந்தக் கால ரோம் நாணயம்) என்று விலையே பொறித்திருக்கும், பிரனேசி தன் வீட்டிலிருந்து விற்றபோது போட்டது. பிந்தைய பிரதிகள் பலவற்றில் அதைச் சுரண்டிவிட்டார்கள். அவர் போன பிறகும் மகன்கள் பாரிசில் வைத்து அச்சிட்டார்கள். தகடு தேயத் தேய நிழல் வெளுக்கும்.

ஊர்சுற்றி:
வாங்கியே விட்டேன். சட்டத்துக்குள் நுழையவில்லை என்று ஃப்ரேம் கடைக்காரர் அடி ஓரத்தை வெட்டிவிட்டார்.